டஸ்கனியை ஒரு சுவரிலிருந்து தொடங்குங்கள்

"மே மாதம் ஒரு வாரம் இத்தாலியின் டஸ்கனி போகிறோம். ஃப்ளாரன்ஸும் பீசாவும் போன தடவையே பார்த்தாயிற்று. ஓவியம், பழைய ஊர்கள், அந்தப் புகழ்பெற்ற மலைச்சரிவுகள் மூன்றும் வேண்டும், ஆனால் ஓடி ஓடிப் பார்க்க விருப்பமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சியெனாவிலிருந்து தொடங்குங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், சியெனாவின் நகர மன்றக் கட்டடத்தில் உள்ள ஓர் அறையிலிருந்து. அந்த அறையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே போனால், வாரம் முழுக்கப் பார்க்கப்போகும் ஊரும் வயலும் குன்றும் வேறு மாதிரி தெரியும். நான் டஸ்கனிக்கு முதல் தடவை போனபோது இதைத் தலைகீழாகச் செய்தேன். முதலில் குன்றுகள், கடைசி நாளில் அவசரமாக அந்த அறை. அங்கே போய் நின்றதும், பார்த்த குன்றுகளையெல்லாம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

அந்தக் கட்டடத்தின் பெயர் பலாஸ்ஸோ புப்ளிகோ. 1287 முதல் 1355 வரை சியெனாவை 'ஒன்பதின்மர்' என்ற குழு ஆண்டது. பெரும்பாலும் வணிகர்கள். ஒவ்வொரு ஒன்பது பேருக்கும் இரண்டே மாதம்தான் பதவி. அந்த இரண்டு மாதமும் இந்தக் கட்டடத்திலேயே தங்கி வேலை பார்த்தார்கள். அவர்கள் கூடி முடிவெடுத்த அறையின் மூன்று சுவர்களில் 1338, 1339 ஆண்டுகளில் அம்ப்ரோஜோ லொரென்செட்டி வரைந்தவைதான் 'நல்லாட்சி, தீய ஆட்சி' ஓவியங்கள். ஒரு சுவரில் நல்லாட்சியின் உருவகம், வலப்பக்க நீளச் சுவரில் அதன் விளைவு, எதிரே தீய ஆட்சியும் அதன் விளைவும். நான்காவது சுவரில் ஜன்னல். தேவாலயத்துக்கு வெளியே, அரசியலை மட்டுமே பொருளாகக் கொண்டு இவ்வளவு பெரிய ஓவியம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

உருவகச் சுவரில் ஒரு சின்ன விஷயத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். நீதி தேவதையின் தராசிலிருந்து ஒரு கயிறு இறங்கி, கீழே உட்கார்ந்திருக்கும் ஒற்றுமை என்ற பெண்ணின் கைக்கு வருகிறது. அவள் மடியில் ஒரு தச்சர் இழைப்புளி. மேடு பள்ளத்தை இழைத்துச் சமமாக்குகிறவள் அவள். அவள் கையிலிருந்து அந்தக் கயிறு வரிசையாக நிற்கும் இருபத்து நான்கு குடிமக்களின் கை மாறிப் போய், அரியணையில் இருக்கும் முதியவரிடம் சேர்கிறது. அவர்தான் பொதுநலம், சியெனா நகரமும் அவரே. ஆட்சியாளனைக் குடிமக்கள் கயிற்றில் பிடித்திருக்கிறார்கள்! பக்கத்தில் வெள்ளை உடையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெண் அமைதி. அவள் முழங்கையை ஊன்றியிருக்கும் மெத்தைக்குக் கீழே போர்க்கவசம் கிடக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு என்பதை மறந்து நின்றுவிடுவீர்கள்.

அப்புறம் நீளச் சுவருக்கு வாருங்கள். இடப்பாதி நகரம். செருப்புக் கடை திறந்திருக்கிறது, ஓர் ஆசிரியர் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறார், மேலே கொத்தனார்கள் சாரத்தில் நின்று கட்டடம் எழுப்புகிறார்கள், நடுத்தெருவில் ஒன்பது பேர் கைகோத்து ஆடுகிறார்கள். நடுவில் கோட்டைச் சுவரும் வாசலும். வாசலைத் தாண்டினால் வலப்பாதி முழுக்க நாட்டுப்புறம். பணக்காரர்கள் குதிரையில் வேட்டைக்கு இறங்கிப் போகிறார்கள். அதே சாலையில் குடியானவர்கள் கழுதையில் மூட்டை ஏற்றி ஊருக்குள் வருகிறார்கள். ஒருவன் பன்றி ஓட்டி வருகிறான், கறுப்புப் பன்றி, முன்னங்காலைச் சுற்றி வெள்ளைப் பட்டை. 'சிந்தா செனேசே' என்ற அந்த இனத்தை இன்றும் சியெனாவைச் சுற்றி வளர்க்கிறார்கள். அறுவடை, போரடிப்பு, திராட்சைத் தோட்டம், பாலம், அதற்கப்பால் மொட்டைக் குன்றுகள். கோட்டை வாசலுக்கு மேலே 'பாதுகாப்பு' என்ற பெண் பறக்கிறாள். ஒரு கையில் ஏட்டுச் சுருள்: அச்சமின்றி ஒவ்வொருவரும் வழி நடக்கட்டும், உழுது விதைக்கட்டும் என்ற பொருளில் எழுத்து. இன்னொரு கையில் தூக்குமரம், அதில் தொங்கும் ஒரு பிணம். அந்தப் பாதுகாப்புக்கு என்ன விலை என்பதை ஓவியர் மறைக்கவில்லை.

எதிர்ச் சுவர் ரொம்பச் சேதமடைந்திருக்கிறது. இருந்தாலும் கொம்பு முளைத்த கொடுங்கோலனும், காலடியில் கட்டிப்போட்ட நீதியும் தெரியும். அந்த நகரத்தில் எல்லாக் கடைகளும் மூடிக் கிடக்க, ஆயுதம் அடிக்கிற கொல்லர் ஒருவர்தான் வேலை செய்கிறார். வெளியே வயல் எரிகிறது.

இந்த ஓவியங்களில் அண்மைக் காலத்தில் பராமரிப்புப் பணி நடந்திருக்கிறது. அதனால் டிக்கெட் வாங்கும் முன்பு அறை திறந்திருக்கிறதா, சாரம் கட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் அதே கட்டடத்தின் பின்பக்க மாடத்துக்குப் போய் வெளியே பாருங்கள். நகரம் சட்டென்று முடிந்து, பச்சைச் சரிவும் தோட்டமும் தொடங்கிவிடும். சுவரில் பார்த்தது அப்படியே கீழே கிடக்கும்.

ஓவியம் முடிந்து ஒன்பது வருடத்தில், 1348-இல், கொள்ளைநோய் வந்தது. லொரென்செட்டியும் ஓவியரான அவருடைய அண்ணன் பியெத்ரோவும் அதில்தான் இறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இருவரைப் பற்றியும் தகவல் இல்லை. அஞோலோ தி தூரா என்பவர் எழுதிவைத்த குறிப்பில், தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததாக ஒரு வரி வருகிறது. சியெனா அந்த அடியிலிருந்து முழுதாக எழவே இல்லை. அதன் சாட்சி பேராலயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1339-இல், இருக்கிற பேராலயத்தையே குறுக்குக் கூடமாக வைத்துக்கொண்டு அதைவிடப் பெரிதாக ஒன்று கட்டத் தொடங்கினார்கள். நோய்க்குப் பிறகு பணமும் இல்லை, ஆளும் இல்லை, கட்டியவரை அமைப்பிலும் குறை. பாதியில் விட்டுவிட்டார்கள். இன்று கார் நிறுத்தும் திடல் போலத் தெரிகிற இடம், அந்தப் பெரிய ஆலயத்தின் உள்கூடமாக இருந்திருக்க வேண்டியது. தனியாக நிற்கும் முகப்புச் சுவரின்மேல் ஏறலாம். ஊரைப் பார்க்க அதுதான் நல்ல இடம். ஏறும் அருங்காட்சியகத்திலேயே தூச்சோ என்ற ஓவியரின் 'மாயெஸ்தா' இருக்கிறது. 1311 ஜூன் 9-ஆம் தேதி கடைகளை அடைத்துவிட்டு ஊரே திரண்டு ஊர்வலமாகப் பேராலயத்துக்குக் கொண்டுபோன படம் அது. தங்கப் பின்னணியில் மாதாவும் குழந்தையும். அதன் பின்பக்கத்தில் இருந்த சின்னச் சின்னக் கதைப் படங்களைத் தவறவிடாதீர்கள்.

பேராலயத்துக்கு எதிரே சாந்தா மரியா தெல்லா ஸ்காலா. பல நூற்றாண்டுகள் மருத்துவமனையாகவும், ரோமுக்கு நடந்து போகும் யாத்ரிகர்களின் சத்திரமாகவும், அநாதைக் குழந்தைகளின் இல்லமாகவும் இருந்த இடம். யாத்ரிகர் கூடத்தின் சுவரில் 1440களில் தொமேனிகோ தி பார்த்தோலோ வரைந்த ஓவியத்தில் நோயாளிக்குக் கால் கழுவிவிடுவதும், காயத்துக்கு மருந்திடுவதும், பெண்கள் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதும் இருக்கின்றன. இந்த ஓவியங்களுக்குக் கீழே இருபதாம் நூற்றாண்டிலும் நோயாளிகள் கட்டிலில் படுத்திருந்தார்கள். கூட்டமே இருக்காது. நிதானமாகப் பாருங்கள்.

பாலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில்தான், மே மாதத்தில் கிடைக்காது. பரவாயில்லை. அந்தப் பந்தயத்துக்குப் பின்னால் உள்ள, நகரின் 17 பேட்டைகளும் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன. தெருமுனைச் சுவர்களில் நத்தை, வாத்து, கோபுரம் என்று பேட்டைச் சின்னங்களைக் கவனித்துக்கொண்டே நடந்தால் எந்த எல்லையில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். சியெனாவில் இரண்டு இரவு தங்குங்கள். பகலில் வந்து போகிற சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியபின், காம்போ சதுக்கத்தின் சரிவான செங்கல் தரையில் உட்காருங்கள். அந்தத் தரை ஒன்பது பாகமாகப் பிரிந்திருக்கும். அந்த ஒன்பதின்மர் நினைவாகத்தான்.

மூன்றாம் நாள் கார் எடுத்துத் தெற்கே போங்கள். இந்தப் பகுதிக்குக் கார் இல்லாமல் சரிப்படாது. பேருந்து இருக்கிறது, ஆனால் அதன் நேரத்துக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும். இந்திய உரிமம் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய ஊர்களின் உள்பகுதி பெரும்பாலும் இசட்.டி.எல். எனப்படும் தடை செய்யப்பட்ட பகுதி. கேமரா வைத்திருப்பார்கள். தெரியாமல் நுழைந்தால் மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும். கோட்டைச் சுவருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

சியெனாவுக்குத் தென்கிழக்கில் தொடங்குவது க்ரேத்தே செனேசி, அதாவது 'சியெனாவின் களிமண்'. பல லட்சம் வருடங்களுக்கு முன்பு இது கடலடி. அந்தச் சேறுதான் இன்று சாம்பல் நிறக் குன்றாக நிற்கிறது. மழையில் வழுக்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மே மாதத்தில் இளங்கோதுமை இதை மூடியிருப்பதால் முழுக்கப் பச்சை. ஆனால் சரிவு எங்கே அதிகமோ அங்கே வெளிறிய மண் மொட்டை மொட்டையாகத் துருத்தி நிற்கும். சாலையோரம் வண்டியை நிறுத்தி ஒரு பிடி மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல இருக்கும். லொரென்செட்டி சுவரின் தொலைவில் வரைந்த அந்தச் சாம்பல் குன்றுகள் கற்பனை இல்லை என்று அப்போது புரியும்.

இந்தக் களிமண்ணுக்கு நடுவில், சைப்ரஸ் காட்டுக்குள், மோந்தே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடம். 1313-இல் செல்வக் குடும்பத்து மனிதர் பெர்னார்தோ தொலொமேய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து தொடங்கியது. முற்றத்துச் சுற்றுச் சுவர் முழுக்கப் புனித பெனடிக்டின் வாழ்க்கை. சிலவற்றை சிஞ்ஞோரெல்லி வரைந்தார், பெரும்பாலானவற்றை 1505-க்குப் பிறகு சோதோமா வரைந்தார். சோதோமா தன்னையே ஒரு காட்சிக்குள் நிறுத்தியிருக்கிறார், காலடியில் தான் வளர்த்த இரண்டு வளைக்கரடிகளோடு (பேட்ஜர்). குழந்தைகள் கூட வந்தால் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. இங்கே மூன்று இரவு. காலண்டரில் பார்க்கிற சைப்ரஸ் வரிசை, குன்றின்மேல் ஒற்றை வீடு, காலைப்பனி எல்லாம் இங்கேதான். 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணம் முக்கியமானது: சியெனா நகரம் தன் ஆளுகைக்கு உட்பட்ட நிலத்தை, நல்லாட்சி என்ற கருத்தின்படி, அழகாகவும் பயனுள்ளதாகவும் திருத்தியமைத்த நிலப்பரப்பு இது என்று. அந்த அறைச் சுவரில் நீங்கள் பார்த்ததன் தொடர்ச்சிதான்.

ஆனால் இந்த நிலத்தை உழுதவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். நம் ஊரில் வாரத்துக்கு விடுவது என்பார்களே, அதே முறை இங்கே 'மெத்ஸத்ரியா' என்ற பெயரில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. 1964-இல்தான் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. அதற்கு முன்பே, 1950களிலிருந்து, குடியானவர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வீடுகள் காலியாயின. அவற்றில் பலதான் இன்று அக்ரிதூரிஸ்மோ என்ற பண்ணைத் தங்கும் விடுதிகள். நீங்கள் தங்கும் அறை தரைத்தளம் என்றால், பெரும்பாலும் அது ஒருகாலத்து மாட்டுத் தொழுவம். மாடியில் குடும்பம், கீழே மாடு, மாட்டின் சூடு மேலே போகும். விடுதிக்காரர்களிடம் கேளுங்கள், தீனித்தொட்டி இருந்த இடத்தைக் காட்டுவார்கள். வயல்களும் அப்படித்தான். ஒரே வயலில் கோதுமையும் ஆலிவும் திராட்சையும் கலந்திருந்த காலம் போய், டிராக்டர் வந்தபிறகு வந்தவைதான் இந்த மடிப்பு மடிப்பான பெரிய கோதுமைச் சரிவுகள்.

பலரும் படமெடுக்கிற அந்தப் பாம்பு வளைவுச் சாலை, இருபுறமும் சைப்ரஸ் நிற்பது, லா ஃபோச்சே என்ற பண்ணைக்கு அருகில் இருக்கிறது. அதை இடைக்காலச் சாலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1920களில் ஐரிஸ், அந்தோனியோ ஒரிகோ தம்பதி ஒன்றுக்கும் உதவாத களிமண் மேடாகக் கிடந்த பண்ணையை வாங்கி, அணைகட்டி, சாலை போட்டு, பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கட்டினார்கள். அந்தச் சைப்ரஸ்களும் அப்போது நட்டவை. இரண்டாம் உலகப் போரில் அகதிக் குழந்தைகளுக்கும், சிறையிலிருந்து தப்பி வந்த நேச நாட்டு வீரர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். தோட்டத்தைக் குறிப்பிட்ட நாட்களில் வழிகாட்டியோடு பார்க்கலாம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஊர்களில் பியென்ஸாவுக்கு முதலிடம். கொர்சிஞ்ஞானோ என்ற குக்கிராமத்தில் 1405-இல் பிறந்தவர் 1458-இல் போப் இரண்டாம் பயஸ் ஆனார். பிறந்த ஊரை மாதிரி நகரமாக்க நினைத்து, பெர்னார்தோ ரொஸ்ஸெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார். 1459 முதல் 1462 வரை, அதாவது மூன்றே வருடத்தில், பேராலயம், அரண்மனை, சதுக்கம் எல்லாம் எழுந்தன. செலவு சொன்ன கணக்கைப் பல மடங்கு தாண்டியது. எல்லோரும் கட்டடக் கலைஞரைத் திட்ட, போப் அவரைக் கூப்பிட்டு, "நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் இதைக் கட்டியிருக்கவே மாட்டோம்" என்ற பொருளில் பாராட்டிப் பரிசும் கொடுத்தார். இதைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். சதுக்கம் மிகச் சின்னது. அரண்மனைக்குள் போய்ப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். கீழே ஒரு தோட்டம், தோட்டத்துச் சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு முழுக்க, எதிரே 1,738 மீட்டர் உயர அமியாதா மலை. காட்சியைப் பார்ப்பதற்கென்றே கட்டிய வீடு அது. பேராலயம் சரிவின் விளிம்பில் இருப்பதால் அதன் பின்பகுதி கட்டிய காலத்திலிருந்தே மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே தரைச் சாய்வையும் சுவர் விரிசலையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

பாஞ்ஞோ விஞ்ஞோனிக்கு விடிகாலையில் போங்கள். ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கல் தொட்டி, கிட்டத்தட்ட நம் கோயில் குளம் போல. அதில் பூமிக்கடியிலிருந்து சுமார் 50 டிகிரி வெந்நீர் ஊறுகிறது. காலைக் குளிரில் ஆவி எழுந்து எதிர்வரிசை வீடுகளை மறைத்துவிடும். சியெனாவின் புனித கேத்தரினைச் சிறுமியாக இருக்கும்போது அவள் அம்மா இங்கே அழைத்து வந்தாராம். இதில் குளிக்க அனுமதி கிடையாது. பழைய ஆலைகளைக் கடந்து இறங்கிப் போனால் வழிகிற நீரில் கால் நனைக்கலாம்.

மோந்தால்ச்சீனோவுக்கு எல்லோரும் ஒயினுக்காகப் போகிறார்கள். பக்கத்தில் உள்ள சாந்தாந்தீமோ மடாலயத்துக்காகப் போங்கள் என்பேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம், ஆலிவ் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. வெளிறிய கல், சில இடங்களில் ஒளி ஊடுருவும் அலபாஸ்டர். மாலை வெயில் உள்ளே வரும்போது தூண்கள் தேன் நிறமாகும். மோந்தேபுல்சானோவில் சாங்கல்லோ கட்டிய சான் பியாஜோ ஆலயம் மட்டும் போதும். சான் ஜிமிஞ்ஞானோவில் 14 கோபுரங்கள் நிற்கின்றன, அழகுதான். பகலில் கூட்டம் தாங்காது. அங்கே ராத்தங்க முடியாது என்றால் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

சைவமாக இருந்தால் கவலை இல்லை. பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த நூல் போன்ற பாஸ்தா, பூண்டு தக்காளிக் குழம்போடு கிடைக்கும். ரிபொல்லீத்தா என்ற ரொட்டி, பயறு, கீரைக் கஞ்சி வயிற்றுக்கு இதம். இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது, அதுதான் வழக்கம். பியென்ஸாவின் ஆட்டுப்பால் சீஸ் உப்பாக இருக்கும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

மீதி நாட்களை ஓவியர் பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்காவுக்குக் கொடுங்கள். வடகிழக்கே அரெத்ஸோ. சான் ஃப்ரான்செஸ்கோ ஆலயத்தில், இயேசு அறையப்பட்ட சிலுவையைப் பற்றி அவர் வரைந்த 'உண்மைச் சிலுவையின் கதை'. குறைந்த ஆட்களைத்தான் ஒரு நேரத்தில் விடுவார்கள், முன்பதிவு தேவை. கான்ஸ்டன்டைனின் கனவு என்ற இரவுக் காட்சியைப் பாருங்கள். கூடாரத்துக்குள் தூங்கும் அரசன்மேல் தேவதையிடமிருந்து வெளிச்சம் விழுகிறது. அங்கிருந்து மோந்தெர்கி. சின்ன ஊர், பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரே ஓர் ஓவியத்துக்காக ஓர் அருங்காட்சியகம். கர்ப்பிணியான மாதா. ஊருக்கு வெளியே ஒரு தேவாலயத்துச் சுவரில் ஈரச் சுண்ணத்தில் ஏழு நாளில் வரைந்தது. இரண்டு தேவதைகள் கூடாரத் திரையை விலக்கிப் பிடிக்கிறார்கள். ஒரே வரைபடத்தைப் புரட்டிப்போட்டு இருவரையும் வரைந்திருக்கிறார், ஒருவருக்குச் சிவப்பு அங்கி, இன்னொருவருக்குப் பச்சை. மாதா ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறாள், நிறைமாதப் பெண்கள் நிற்பதைப் போலவே. மறு கை நீல அங்கியின் திறப்பில், வயிற்றின்மேல். சுகப் பிரசவம் வேண்டி அந்த வட்டாரத்துப் பெண்கள் இந்தப் படத்தின்முன் வந்து வேண்டிக்கொள்வது வழக்கம்.

கடைசியாக, அங்கிருந்து அரை மணி நேரத்தில், பியெரோ பிறந்த சான்செபொல்க்ரோ. ஊரின் பெயருக்கே 'புனிதக் கல்லறை' என்று பொருள். அதனால் ஊர்ச் சபைக்கூடத்தில் அவர் வரைந்தது இயேசு கல்லறையிலிருந்து எழும் காட்சி. கீழே நாலு காவலர்கள் தூங்குகிறார்கள். அதில் தலையைப் பின்னால் சாய்த்திருப்பவர் பியெரோ தானே என்பார்கள். பின்னால் இடப்பக்க மரங்கள் மொட்டை, வலப்பக்க மரங்கள் தழைத்திருக்கின்றன. 1944-இல் இந்த ஊரின்மேல் குண்டு வீச உத்தரவு பெற்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி ஒருவர், உலகின் மிகச் சிறந்த ஓவியம் இங்கேதான் இருக்கிறது என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வர, வீசுவதை நிறுத்திவிட்டார். அவர் பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறது.

அந்தச் சபையினரும் இந்தப் படத்தின் முன்னால்தான் உட்கார்ந்து ஊர்க் காரியம் பேசினார்கள், சியெனாவின் ஒன்பதின்மரைப் போல. காலையில் அருங்காட்சியகம் திறந்ததும் போய்விடுங்கள், பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். மதியம் அரெத்ஸோவுக்குத் திரும்பிக் காரைக் கொடுத்துவிட்டால், அங்கிருந்து ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நேர் ரயில் இருக்கிறது.